வேம்புலி படித்த கதை

பத்திரிகையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கன்னியம்மா அதை அப்பாவின் முதுகுக்கு அடியில் செருகினாள்.

கூடத்தில் அந்த நிமிஷம் வேறு யாரும் இல்லை. உள்ளறையில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வாய் காப்பியாவது குடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா வேம்புலி மரபெஞ்சில் புதுப்பாய் மேல், தலையைத் தெற்கே வைத்து, வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். பாய்க்கும் பெஞ்சுக்கும் நடுவில் பத்திரிகை போனதும் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்க நைனா," என்று சொல்லி அவரை நிமிர்த்தி வைத்தாள். முகத்தைப் பார்த்தால் அவரும் இதற்கு உடந்தை மாதிரித்தான் இருந்தது.

அடுப்பில் போட்டுக் கொளுத்தியிருக்கலாம். ஆனால் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு ஏது? காப்பியே எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது.

நேற்று மத்தியானம் அம்பத்தூர்ப் பட்டறையில் பிட்டர் வேலையில் முதல் ஷிப்ட் முடித்து, ஆவடி வரைக்கும் ரயிலிலும் அங்கிருந்து சைக்கிளிலும் வந்து சேர்ந்தவர், சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். தண்ணி கேட்டார். அம்மா செம்பைக் கொண்டுவருவதற்குள் முடிந்துபோயிருந்தது. ஐம்பத்துநான்கு வயது. இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் சேக்காட்டில் அவர்கள் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். கதை வரும் நாள்.

அதை மறக்காமல் பேப்பர் கடை உலகநாதன் காலையிலேயே மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கண்ணைத் துடைத்தார், சட்டைக்குள்ளிருந்து வார இதழை எடுத்து அப்பாவின் மார்பில் வைத்துக் கும்பிட்டார்.

"கத இந்த வாரத்தோட முடியுதும்மா. கட்டு பிரிச்ச ஒடனே எனக்கு ஒண்ணு எடுத்து வையிடான்னு அண்ணாத்த சொல்லி வச்சிருந்தாரு. குடுக்காம இருந்தா எனக்கு மனசு கேக்காது."

அவர் வாசலைத் தாண்டியதும் கன்னியம்மா ஒரே தாவலில் அதை எடுத்துவிட்டாள். அம்மா கண்ணில் அது படக்கூடாது. அதைவிட, படிக்கத் தெரிந்த யார் கையிலும் கிடைக்கக்கூடாது. அப்பா வீட்டை விட்டுப் போகும் வரைக்குமாவது.

ஏனென்றால் அப்பா எழுபத்து நான்கு வாரமாகப் பொய் சொல்லியிருந்தார்.

வேம்புலி எட்டாவது வரை படித்தவர். அந்தத் தெருவில் அவர் வயது ஆட்களில் அது ஒரு அதிசயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை கால் கழுவி, டீ குடித்து, தெருவிளக்குக் கம்பத்தடியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். முறத்தோடு ஒருத்தி, பூக்கூடையோடு ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றிக் குந்துவார்கள். அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. அம்மா கெங்கம்மாள் மட்டும் கூட்டத்தில் சேராமல் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்பாள்.

அது ஒரு சரித்திரத் தொடர்கதை. தளபதி வீரகேது, பகை நாட்டு இளவரசி அமுதநங்கை. முதல் இரண்டு வாரம் யுத்தம், யானை, கோட்டைக் கதவு என்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் வீரகேது குளக்கரையில் இளவரசியைப் பார்க்கிறான். அவள் இடையைப் பற்றி அரைப் பக்கம் யோசிக்கிறான். பிறகு அவள் கையைப் பிடித்து முறுக்கிக் குதிரைமேல் தூக்கிப் போடுகிறான். அவள் கடிக்கிறாள். அவன் சிரிக்கிறான். மறுக்கும் பெண்ணின் கண்ணில்தான் சம்மதம் குடியிருக்கிறது என்று அதை எழுதியவர் ஒரு விளக்கமும் கொடுத்திருந்தார்.

அந்த ஒரு வாரத்தை அப்பா அச்சில் இருந்தபடியே படித்தார். கையை முறுக்கும் இடத்தில் பூத்தொடுத்த கைகள் நின்றன. முறத்தின் சத்தம் நின்றது. அம்மா எழுந்து, "சோறு வடிக்கணும்," என்று உள்ளே போனாள்.

சோறு வடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மாவின் இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் வளையல் உடைந்து கிழித்தது என்பாள். எப்படி உடைந்தது என்று கன்னியம்மா ஒருமுறை கேட்டபோது, அப்பா சைக்கிளைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கதை ஒரு மாதிரியாகிவிட்டது. வீரகேது கையைப் பிடித்தால் அமுதநங்கை அறைந்தாள். அதுவும் சாதாரண அறை இல்லை, அஞ்சு விரலும் பதியும் அறை. உடனே அவன் குதிரையை விட்டு இறங்கி, "தப்புதான், மன்னிச்சிடு," என்றான். அச்சில் அவன் அவளைக் கொடியால் தூணில் கட்டிப் போட்ட வாரத்தில், அப்பா படித்த கதையில் அவளை அவளுடைய பெரியம்மா வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டான். அச்சில் சாட்டையை ஓங்கிய வாரம், சாட்டை மழையில் நனைந்து வீணாகிவிட்டது. அரண்மனை விவகாரம் அப்பாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் தளபதி காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு யுத்தத்துக்குப் போனான். சாயங்காலம் சங்கு ஊதியதும் இரண்டு படைகளும் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பின.

கன்னியம்மா பி.யு.சி. முடித்து, தட்டச்சுப் பரீட்சை எழுதி, அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ரயிலில் பக்கத்தில் இருந்தவளிடம் அந்தப் பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டாள். அன்று சாயங்காலம் கம்பத்தடியில் அப்பா வாய் திறந்தார். அவளும் வாயைத் திறந்தாள், மூடவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். படிப்பதை நிறுத்தாமலே காதுவரை சிவந்தார்.

மறுநாள் காலை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வார்ப்புலேர்ந்து வர சாமான் இருக்கே, அதுல ஓரத்துல பிசிறு நீட்டிகினு இருக்கும். அப்டியே அடுத்தவன் கையில குடுக்க முடியாது. கைய கிழிச்சிடும். பிட்டரு அரம் போட்டு ராவிட்டுத்தான் குடுக்கணும்."

"சரி நைனா."

"அதான் வேல. வேற ஒண்ணுமில்ல."

"சரி நைனா."

"உங்கம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத. புக்குல கீறத அப்டியே படிக்கிறேன்னு நெனச்சிகினு கீறா."

அன்றிலிருந்து அந்த ரகசியத்துக்கு இரண்டு பேர் காவல். இன்றைக்கு ஒருத்தி.

---

ஒன்பதேமுக்காலுக்குத் திருநின்றவூரிலிருந்து பரந்தாமன் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. சந்தா கட்டி வாரப் பத்திரிகை வாங்குகிற ஆள் அந்தச் சொந்தத்திலேயே அவர் ஒருவர்தான். அதைத் தெரியாதவர்கள் யாரும் இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

"கெங்கா! மச்சான் இப்படிப் பண்ணிட்டாரே!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்து, தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான். அதில் கன்னியம்மாவுக்குச் சந்தேகம் இல்லை.

அண்ணனைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒரு படி ஏறியது. ஒப்பாரிக்கு அந்தத் தெருவில் தாயம்மாளை விட்டால் ஆள் கிடையாது. காய்கறிக் கூடை தூக்கித் தூக்கி உரமேறிய குரல். மாரில் ஒரு தட்டு, தரையில் ஒரு தட்டு என்று தாளம் பிடித்தாள்.

"சைக்கிள் ஏறிப் போனவரே, சாயங்காலம் வந்தவரே
எழுத்துக் கூட்டிச் சொன்ன கத எங்காதில் கேக்குதய்யா!
குதிர மேல வந்த ராசா கன்னத்தில வாங்கினானே
கையக் கட்டி நின்னானே, காலு மாத்தி நின்னானே
மன்னிப்பு கேட்ட கத இனி யாரு சொல்லுவாங்கோ!"

பரந்தாமன் மாமா மூக்கைச் சிந்துவதைப் பாதியில் நிறுத்தினார்.

"எந்த ராசா?"

"வீரகேது ராசா," என்றாள் தாயம்மாள், தாளத்தை விடாமல்.

"வீரகேதுவா? அவன் எங்க வாங்கினான்? அவன் இல்ல அவள..."

"மாமா," என்று கன்னியம்மா குறுக்கே வந்தாள். "கோடித் துணி எங்க வச்சிருக்கீங்க?"

"பையில கீது. இரும்மா. வீரகேது எப்ப மன்னிப்பு கேட்டான்? நான் ஒரு வாரம் உடாம படிக்கிறேன். தூண்ல கட்டிப் போட்டு மூணு நாளு..."

"பை எங்க மாமா? வெளில வச்சிட்டீங்களா? நாய் சுத்திகினு கீது."

மாமா பையைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினார். பை பத்திரமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தவர், கன்னியம்மா கண்ணசைப்பதற்குள் அப்பாவின் தம்பி துலுக்கானத்திடம் பேச்சைத் தொடங்கிவிட்டார். காரியங்களை எல்லாம் துலுக்கானம் சித்தப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா துலுக்கானம், இந்தப் பொம்பளைங்க கதைய தப்புத் தப்பா வச்சிகினு கீறாங்க. இளவரசி தளபதிய அறைஞ்சாளாம்!"

"அறைஞ்சா இன்னா மச்சான் இப்ப? எட்டிக் கூட ஒதைக்கட்டும். மூங்கிலு ஒண்ணு கொறையுது, நீ வா."

"அதுக்கில்ல. சரித்திரம்னு ஒண்ணு கீது இல்ல?"

"மூங்கிலும் ஒண்ணு கொறையுது இல்ல?"

மூங்கில் வந்தது, பூ வந்தது, மேளக்காரர்கள் வந்தார்கள். மாமாவைக் கன்னியம்மா இரண்டு தரம் டீக்கடைக்கும் ஒரு தரம் ஐஸ் இருக்கிறதா என்று கேட்கவும் அனுப்பினாள். ஐஸ் யாரும் கேட்கவே இல்லை. அவர் வெயிலில் போய்விட்டு வந்து, "இல்லியாம்மா," என்று வருத்தத்தோடு சொன்னபோது அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பத்தரைக்கு ராகு காலம்," என்றார் துலுக்கானம் சித்தப்பா. "பன்னெண்டு வரைக்கும் எடுக்க முடியாது. அதுக்குள்ள குளிப்பாட்டி, பொட்டு வச்சி, ரெடியா வச்சிடலாம். பன்னெண்டு அடிச்சதும் தூக்கிடணும். வாங்கப்பா, நாலு பேரு கை குடுங்க."

குளிப்பாட்டுவதைக் கன்னியம்மா மறந்தே போயிருந்தாள். சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தோடு ஓடி வருவதற்குள் அப்பாவை நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் பாயை உருவினான். பத்திரிகை பொத்தென்று தரையில் விழுந்து, விழுந்த வேகத்தில் தானாகவே விரிந்துகொண்டது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். துலுக்கானம் சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மச்சான்! சாவறப்ப கூட புக்க உடல எங்கண்ணன். முதுகுல வச்சிகினு கீறாரு!"

பரந்தாமன் மாமா குனிந்து அதை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கடைசி அத்தியாயம்!"

---

அப்பாவுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, மறுபடியும் பெஞ்சில் கிடத்தினார்கள். கன்னியம்மா கட்டைவிரலில் சந்தனத்தைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். பொட்டு கோணலாக விழுந்ததைப் பார்த்து எல்லோரும் அது துக்கம் என்று நினைத்தார்கள். பாதி துக்கம்தான்.

ராகு காலம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இனி பன்னிரண்டு வரை யாருக்கும் வேலை இல்லை. மேளக்காரர்கள் பந்தல் காலில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்கள். மாமா நடுக்கூடத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மச்சானுக்கு இந்தக் கதை உயிரு. முடிவு தெரியாமப் போயிட்டாரு. அவர் காதுல விழுற மாதிரி படிச்சு அனுப்புறதுதான் நாம செய்யற மரியாதை."

"ராகு காலத்துல கேது கதையா?" என்று மேளக்காரர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"மாமா, இப்ப வேணாம்," என்றாள் கன்னியம்மா. "நைனாக்கு... அவரு..."

"நீ சின்னப் பொண்ணு. சும்மா இரு." மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயில் மைக்கில் பேசுகிற குரலில் தொடங்கினார். "'அமுதநங்கையின் செருக்கு அனலிடைப்பட்ட மெழுகாய் உருகிற்று. சாட்டை பட்ட தோளில் இப்போது அவளுக்கு வலி தெரியவில்லை, இன்பமே தெரிந்தது. மலர்ச்சரமெனச் சரிந்து, வீரகேதுவின் பாதத்தில் தன் நெற்றியை வைத்தாள். சுவாமி, நான் தங்கள் அடிமை என்றாள். அவன் கம்பீரமாக நகைத்தான்...'"

மாமா நிறுத்தி, பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

கன்னியம்மா அம்மாவைப் பார்க்கவில்லை. பெஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வாயைத் திறந்தவள் தாயம்மாள்.

"அண்ணே, நீ எத்தினி கிளாசு படிச்சிருக்க?"

"எஸ்.எஸ்.எல்.சி.! ஏன்?"

"அவரு எட்டாவதுதான். ஆனா எம்மாம் சுத்தமா படிப்பாரு!"

"ஆமா," என்றாள் இன்னொருத்தி. "இவரு எழுத்து உட்டு உட்டு படிக்கிறாரு."

"நான் எங்கம்மா உட்டேன்? இதோ பாரு, 'நான் தங்கள் அடிமை'ன்னு கொட்ட எழுத்துல..."

"அமுதா அப்டி பேச மாட்டா அண்ணே. எங்களுக்குத் தெரியாதா? ஒண்ணர வருசமா பழகிகினு கீறோம்."

"வயசாயிடுச்சி, கண்ணு தெரியல பாவம்," என்றாள் மூன்றாவது ஒருத்தி. "கண்ணாடி மாத்தணும் இவுருக்கு."

பரந்தாமன் மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, அதே வரியைப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது. முப்பது வருஷமாகப் படித்துவந்த எழுத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்த மாதிரி இருந்தது.

கன்னியம்மாவுக்கு மூச்சு வந்தது. நம்பவில்லை. மாமா படித்ததை யாரும் நம்பவில்லை. அப்பா தப்பித்தார்.

"அண்ணே," என்று அம்மாவின் குரல் கேட்டது. காலையிலிருந்து அழுது கம்மிப்போன குரல். "அந்த புக்க இப்டி குடு. கன்னி, நீ கொஞ்சம் உள்ள வா."

---

சமையலறையில் அணைந்து கிடந்த அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தாள். பத்திரிகை மடியில் இருந்தது.

"இத்த நைனா முதுகுக்குக் கீழ வச்சது நீதானே?"

கன்னியம்மா தன் கட்டைவிரலில் காயாமல் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"உறுத்தி இருக்கும்மே அவருக்கு."

"எம்மா, மாமா படிச்சது வந்து... மாமாவுக்குச் சரியா..."

"எங்கண்ணன் சரியாத்தான் படிச்சாரு."

கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுத்துதாம்மே எங்களுக்குத் தெரியாது. கண்ணு தெரியாதா?" அம்மா பத்திரிகையை விரித்துக் காட்டினாள். முழுப்பக்கப் படம். வீரகேது இடுப்பில் கை வைத்து நிற்கிறான். இளவரசி அவன் காலடியில் கவிழ்ந்து கிடக்கிறாள். "வாரா வாரம் படம் போடறான் இல்ல? தூண்ல கட்டி வச்சா மாரி, கைய முறுக்குற மாரி. உங்க நைனா கட்ட வெரலால மூடிகினு படிப்பாரு. வெரலு எம்மாம் பெருசு, படம் எம்மாம் பெருசு? ராசா மூஞ்ச மூடுனா ராசாத்தி கட்டு தெரியும். கட்ட மூடுனா சாட்ட தெரியும்."

"அப்ப எல்லாருக்கும்..."

"சனிக்கெழம நீயும் அவரும் வேலைக்குப் போனப்பறம், தாயம்மா எல்லாத்தையும் இட்டுகினு வந்துடுவா. அந்தப் படத்த வச்சிகினு, நேத்து அவரு படிச்சத சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மய பேஞ்சி சாட்ட நனஞ்சி பூட்ச்சின்னாரே, அன்னிக்கி தாயம்மாக்குப் பொறயேறி, நாந்தான் தலயில தட்டுனேன்."

சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பாதியில் உடைந்து வேறு ஏதோவானது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கன்னியம்மா காத்திருந்தாள்.

"ஏம்மா அவருகிட்ட சொல்லல?"

"சொன்னா, அப்பால படிக்க மாட்டாரு இல்ல?" அம்மா இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள், கொசு கடித்ததைப் போல. "வாரத்துக்கு ஒரு தபாவாச்சும் அந்த ராசா மன்னிப்பு கேட்டுடுவான். ஒரு வாரம் தப்புனது இல்ல. அந்த எடம் வர்றப்ப மட்டும் இவுரு புக்க பாக்க மாட்டாரு."

வெளியே மாமா யாரிடமோ, "நீயே படிச்சுப் பாருய்யா, என்ன போட்டிருக்கு?" என்று புலம்புவது கேட்டது. அந்த யாரோவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் கையில் பத்திரிகையும் இல்லை.

அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்திரிகையை மகளிடம் நீட்டினாள்.

"போ. முடிச்சி வையி. நேரமாவுது."

---

கன்னியம்மா டைப்பிஸ்ட். கொடுத்ததில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாமல் அடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அப்பாவின் தலைமாட்டில் நின்று பத்திரிகையை விரித்தபோது, ஆரம்பிக்கவே வாய் வரவில்லை. படம் எதிரே இருந்தது. கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்தது. பெண்கள் நெருங்கி வந்து குந்தினார்கள். அம்மா வழக்கம்போல வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

"'வீரகேது... வாசல்ல வந்து நின்னான்,'" என்று தொடங்கினாள்.

"குதிரைலயா?" என்றாள் தாயம்மாள்.

"இல்ல. நடந்து. 'குதிரைய வெளியவே கட்டிட்டு வந்தான். உள்ள வரல. வரலாமான்னு கேட்டான்.'"

"கேக்கட்டும், கேக்கட்டும்."

"'அமுதநங்கை ஒடனே பதில் சொல்லல. அவ சோறு வடிச்சிகினு இருந்தா.'"

"இளவரசி சோறு வடிச்சாளா?" என்றார் மாமா. "அரண்மனைல சமையல்காரன் இல்ல?"

"லீவு மாமா," என்றாள் கன்னியம்மா. அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் அவளுக்குத் தைரியம் வந்தது. "'வடிச்சி முடிச்சிட்டு, கைய தொடச்சிகினு வெளிய வந்தா. வீரகேது அவ கைய பாத்தான். தொடல. பாத்துட்டு, இன்னும் வலிக்குதான்னு கேட்டான்.'"

முறம் எதுவும் இல்லை, பூக்கூடையும் இல்லை. ஆனாலும் எதுவோ நின்ற மாதிரி இருந்தது. மேளக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அவ இன்னா சொன்னா?" என்றாள் தாயம்மாள், குரலைத் தாழ்த்தி.

கன்னியம்மா பக்கத்தைப் பார்த்தாள். வரிகள் ஓடின. ஒன்றும் உதவவில்லை. இளவரசி என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்புவது போலப் பாசாங்கு செய்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"'அது எப்பவோ ஆறிப் பூட்ச்சி,'" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து. அவள் பார்வை பெஞ்சின் மேல் இருந்தது. "'இன்னா இன்னும் வாசல்லயே நின்னுகினு கீற? உள்ள வா, சோறு ஆறுது.' அப்டின்னா. போட்டிருக்கும், நல்லா பாரு."

கன்னியம்மா குனிந்து நல்லாப் பார்த்தாள்.

"ஆமாம்மா. போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?" பரந்தாமன் மாமா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தோள்மேல் எட்டிப் பார்த்தார். "விரல எடும்மா, எந்த வரி?"

"மச்சான்!" வாசலிலிருந்து துலுக்கானம் சித்தப்பா கூப்பிட்டார். "பன்னெண்டு அடிச்சிடுச்சி. வந்து தோள் குடு. அவரு எப்பவோ ரெடி."

மேளம் எழுந்தது. தாயம்மாள் எல்லோருக்கும் முன்னால் கத்திக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். கூடம் முழுக்க ஒரே அலறலும் தள்ளுமுள்ளுமாக ஆனது. கன்னியம்மாவின் கையிலிருந்து பத்திரிகை எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியாது.

தெருமுனை திரும்பி மேளச் சத்தம் மெலிந்த பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். தண்ணீர் கூடத்தில் பரவி வந்தது. அம்மா குனிந்து, அது தொடுவதற்கு முன் பத்திரிகையை எடுத்தாள். அடுக்கின்மேல் பழைய இதழ்கள் கட்டாக இருந்தன. அவற்றில் ஒவ்வொரு படத்தின் மேலும், கழுவியும் போகாத இயந்திர மசகில் ஒரு கருப்புக் கட்டைவிரல் தடம் இருக்கும். இதில் மஞ்சளாக ஒன்று, சந்தனத்தில்.

ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா அதை மூடாமல், ஜன்னல் மேடையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து விரித்து வைத்தாள். காற்றில் பக்கம் புரளாமல் இருக்க, மேலே அப்பாவின் சைக்கிள் சாவியை வைத்தாள்.